‘அப்புறம் பார்க்கலாம்’ தாள்

பள்ளி திறக்க இன்னும் சில நாள்தான் இருந்தது. எங்கள் மாவட்டத்தில் அமெரிக்க வரலாறு எடுக்கிற ஆசிரியர்கள் எல்லாரையும் பிடித்து, பயிற்சி என்று நூலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். மேஜைக்கு மேஜை மிட்டாய்க் கிண்ணம், கலர் பேனா, மஞ்சள் சீட்டு. போன வருஷம்தான் வேலைக்கு வந்தவள், ஆர்வக்கோளாறு, அதனால் நான் முதல் வரிசை.

பயிற்சி கொடுக்க வந்த மார்லா இரண்டு முறை கை தட்டினாள். நாங்களும் இரண்டு முறை திருப்பித் தட்டினோம். எட்டாம் வகுப்பை அடக்க நாங்கள் செய்கிற அதே வித்தை.

"கண்ணுங்களா, என்ன சந்தேகம்னாலும் சீட்டுல எழுதுங்க. இப்பப் பதில் சொல்ல முடியாதத அங்க ஒட்டிடலாம்."

சுவரில் பெரிய வெள்ளைத் தாள். மேலே 'அப்புறம் பார்க்கலாம்', பக்கத்தில் சிரிக்கிற முகம்.

எனக்கு ஒரே கேள்விதான். 1919இல் எங்கள் ஊர் பஞ்சு அரவை ஆலை வாசலில், கூலி உயர்த்திக் கேட்ட கறுப்பினக் குடும்பங்களை வெள்ளையர்கள் சுட்டுத் தள்ளினார்கள். போன வருஷம் அதைப் பாடமாக எடுத்தேன். பழைய செய்தித்தாளில் செத்தவர்கள் பெயரை வாசித்துக்கொண்டிருந்தபோது கெசையா என்ற பெண் கையைத் தூக்கினாள். "மிஸ், இது எங்க வீட்டுப் பேரு." போட்டோ இருந்தால் கொண்டு வா, வகுப்புச் சுவரில் மாட்டலாம் என்று சொல்லி வைத்தேன்.

இந்தக் கோடையில் மாநிலத்தில் புதுச் சட்டம். பிள்ளைகள் மனதைச் சங்கடப்படுத்துகிற பாடம் கூடாதாம். ஒரு பெற்றோர் புகார் கொடுத்தால் போதும், ஆசிரியர் வேலைக்கே ஆபத்து. நான் அந்தப் பாடத்தை எடுக்கலாமா? எடுத்துப் புகார் வந்தால் என் பக்கம் யாராவது நிற்பார்களா?

கேட்டேன்.

"சூப்பர் கேள்வி, கோரின்! அங்க ஒட்டிடு."

ஒட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து வேறு மாதிரி கேட்டேன். அதையும் ஒட்டச் சொன்னாள். "பேர மட்டுமாவது வாசிக்கலாமா?" என்று மறுபடி கையைத் தூக்கினேன். பின்னாலிருந்து ஒருத்தர், "தாயி, எங்களுக்கும் கொஞ்சம் சீட்டு மிச்சம் வை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மதியம் அட்டைப்பெட்டியில் வான்கோழி சாண்ட்விச். கோச் ஹோகட் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஃபுட்பால் கோச், வரலாறும் எடுப்பவர். காலையிலிருந்து பயிற்சித் தாளின் பின்பக்கத்தில் வட்டமும் பெருக்கல் குறியுமாக ஆட்டத் திட்டம் வரைந்துகொண்டிருந்தார்.

"அரவை ஆலைக் கததானம்மா? நானும் எடுத்தேன்."

"நீங்களா?"

"ஏன், கோச்சுன்னா எழுதப் படிக்கத் தெரியாதா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல. ஏன் விட்டீங்க?"

"ஒரு அம்மா போன் பண்ணி சத்தம் போட்டுச்சு. அப்பச் சட்டம்கூடக் கெடயாது. எடுக்காதன்னு எவனும் சொல்லல. எடுன்னும் சொல்லல. நானும் கேள்விய எழுதி ஒட்டினேன். ஆறு வருஷமாச்சு. இதே சிரிச்ச மூஞ்சிதான்."

"இப்ப?"

"மொத உலகப் போர் முடிஞ்சா நேரா ரேடியோ, மோட்டார் காருன்னு போயிடுவேன். பசங்களுக்கும் ஜாலி." மறுபடி வரைய ஆரம்பித்தார்.

நான் சாண்ட்விச்சைப் பெட்டியிலேயே வைத்து மூடினேன்.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பினார்கள். மார்லா தாளைச் சுவரிலிருந்து உரித்தாள். நான் போய் எதிரில் நின்றேன்.

"இத யார்கிட்டக் குடுப்பீங்க?"

அவள் சிரிப்பு காணாமல் போனது. "உண்மையச் சொல்லட்டுமா? எனக்கே தெரியலடி. போன மாசம் மேலதிகாரிகிட்ட உன் கேள்வியத்தான் நானும் கேட்டேன். என் கையிலயும் ஒரு சீட்டக் குடுத்தாங்க."

தாளை நாலாக மடித்தாள். என் சீட்டு ஒன்று உதிர்ந்து விழுந்தது. அவள் அதையும் எடுத்து உள்ளே செருகினாள்.

வெளியே நடைபாதையில் கெசையா. பேண்டு பயிற்சி முடிந்து, டிரம்பெட் பெட்டியோடு ஓடி வந்தாள்.

"மிஸ்! தம்பி இந்த வருஷம் உங்க கிளாஸ்! அன்னிக்கு நீங்க பேர் வாசிச்சீங்கள்ல, அந்த எள்ளுத்தாத்தா போட்டோ கெடச்சிருச்சு. ஆல்பத்துல வேற படத்துக்குப் பின்னாடி இருந்துச்சு. மொத நாளே குடுத்து விடட்டா? செவுத்துல மாட்டலாம்னு சொன்னீங்கள்ல?"

கோச் என் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"சூப்பர், கெசையா," என்றேன். "அப்புறம் பாக்கலாம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பெட்டியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரி மிஸ்."

நடைபாதை முனை திரும்புகிறவரை அவள் ஓடவில்லை. கோச் தன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"வாம்மா, போலாம்."