கார்த்திகேசு ஐயாவின் கோட்டு

நாதஸ்வரக்காரர் ஐயாவு, தன் கன்னம் உப்பாமல் வரைய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"அப்ப நாதஸ்வரத்த வாயிலேருந்து எடுத்துருங்கண்ணே," என்றாள் குமுதா.

"எடுத்துட்டா நான் யாருன்னு எப்படித் தெரியும்?"

கன்னம் உப்பியபடியே வரைந்தாள். பகலில் அவள் ஈப்போவில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்காருபவள். வீங்கிய கன்னம் அவளுக்குப் புதிதல்ல. சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கோயில் திருவிழாக்களுக்குப் போய், வாசிப்பவர்களையும் ஆடுபவர்களையும் பென்சிலால் வரைவாள். சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டுவதற்காக, இறந்துபோனவர்களைப் பழைய போட்டோவிலிருந்து பெரிதாக வரைந்தும் கொடுப்பாள். இந்த இரண்டு வகையினரில் உயிரோடு இருப்பவர்கள்தான் தொல்லை. உறுமி அடிக்கும் பவித்ரன், கையில் பச்சை குத்தியிருந்த பெயரை எடுத்துவிட்டு மனைவியின் பெயரைப் போடச் சொன்னான். நாட்டிய ஆசிரியை ஒருவர் தாடைக்குக் கீழே இருப்பதை மட்டும் மறந்துவிடச் சொன்னார். பென்சில் கையில் இருக்கும்வரை குமுதாவுக்கு இரக்கம் வராது. கீழே வைத்த பிறகு வரும். அதற்குள் படம் முடிந்திருக்கும்.

நாற்பத்தொரு வயதில் அவளுக்கு முதல் கண்காட்சி வாய்த்தது. பேராக் மாநில மேடைக் கலைஞர்கள் இருபது பேரின் முகங்கள். நடத்துவது ஈப்போ கலைமரபு மன்றம். மன்றத்தில் உறுப்பினர்கள் பதினோரு பேர். ஒன்பது பேர் செயற்குழுவில் இருந்தார்கள். மீதி இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியே இருந்தார்கள். தலைவர் ஸ்கந்தராஜா, எழுபத்து நான்கு வயது, அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் ஷூ போட்டுக்கொண்டு நடப்பவர் என்று பேச்சு. மண்டபம் மன்றத்துடையது என்பதால் அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். சுவரின் நடுமத்தியில் அவருடைய அப்பா இருக்க வேண்டும்.

"உங்கப்பா நடிச்சிருக்காரா அங்கிள்?"

"நடிக்கிறதோ? அவர் புரவலர், பிள்ளை."

யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த கார்த்திகேசு, ஜப்பான்காரன் சண்டைக்கு முந்திய காலத்தில் ஒரு நாடகத்துக்கு ரயில்வே கிளப்பிலிருந்து பன்னிரண்டு நாற்காலிகள் கொண்டுபோகலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். புரவலர் பட்டம் அதில் வந்தது. போட்டோவில் அவர் கோட்டுப் போட்டு, ஒரு கையைச் சின்ன மேசைமேல் ஊன்றி, மலாயாவையே தாம்தான் தாங்கிப் பிடித்திருப்பதுபோல் நின்றார். 1938ஆம் வருஷப் போட்டோ.

"கோட்டைக் கவனமாக் கீறும். சிங்கப்பூரில ஒரு வெள்ளைக்காரத் தையல்காரரிட்ட அளவு குடுத்துத் தைச்சது," என்றார் ஸ்கந்தராஜா.

குமுதா கவனமாகத்தான் வரைந்தாள். போட்டோவைப் போனில் பெரிதாக்கி, நூல் நூலாகப் பார்த்தாள். இடது பக்கக் காலர் மடிப்பில் ஏதோ சுட்ட ஓட்டையை நட்சத்திரம் மாதிரி இழையோட்டித் தைத்திருந்தது. மூன்றாவது பொத்தான் மற்றவற்றைவிடப் பெரியது. வெள்ளைக்காரத் தையல்காரருக்கு அன்றைக்கு என்ன கஷ்டமோ என்று நினைத்துக்கொண்டு, அதையும் வரைந்தாள்.

இரண்டு வாரம் கழித்து நவமணி வந்தாள். அறுபத்தாறு வயது, பள்ளிக்கூடக் கேன்டீனில் இன்னும் சமைக்கிறாள். தன் அப்பா மாயாண்டியின் போட்டோவை ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். மாயாண்டி, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். எஸ்டேட் நாடகங்களில் அவருக்கு ஒரே வேஷம்தான். வெள்ளைக்காரத் துரை வேஷம்.

"தொப்பி, பிரம்பு, வாயில சுருட்டு. 'என்னா மேன், நீ மரத்த வெட்டுறான் இல்லே, மரம் ஒன்னிய வெட்டுறான்'னு அதட்டுவாராம். ஜனம் உருண்டு பெரண்டு சிரிக்குமாம். நெஜத் துரையே மொத வரிசையில ஒக்காந்து சிரிச்சாராம் லா."

"கோவப்படலையா?"

"கணக்கெழுதுற கிராணிதான் பயந்துபோயி, 'இது பக்கத்து எஸ்டேட்டு துரை'ன்னு சொல்லி வச்சிட்டாராம்."

போட்டோ ஒன்றே ஒன்றுதான் உண்டு. செத்த வீட்டில் வைக்கக்கூட அப்போது கிடைக்கவில்லை. பாகான் செராயில் இருந்த அக்காள் இறந்த பிறகு போன வருஷம் அவள் பெட்டியிலிருந்து வந்தது. நவமணிக்கு ஒரு ஆசை இருந்தது. அண்ணன் பிள்ளைகளுக்குத் தாத்தா என்றால் எஸ்டேட்டுக் கூலி, அவ்வளவுதான் தெரியும். சனிக்கிழமை கண்காட்சிக்கு எல்லாரையும் ஒரு வேனில் ஏற்றிக் கொண்டுவந்து, இந்தா, இதுதான் அவர் என்று காட்ட வேண்டும்.

"நல்ல கோட்டா இருக்கே அக்கா."

"அது அவரோடது இல்ல தங்கச்சி. நாடகத்துக்குப் போட்டோக் கடையில கேட்டு வாங்கினது. பழைய டவுன்ல ஒரு சீனரு கடை. திருப்பிக் குடுக்கப் போன அன்னிக்கு அப்படியே நிக்க வச்சி ஒரு படம் புடிச்சிக் குடுத்தாராம்."

அவள் போன பிறகு குமுதா போட்டோவைப் பெரிதாக்கினாள். காலர் மடிப்பில் நட்சத்திரம் இருந்தது. மூன்றாவது பொத்தான் பெரியதாக இருந்தது. கார்த்திகேசுவின் போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு படத்துக்கும் நடுவில் ஜப்பான்காரன் வந்து போயிருந்தான், கோட்டு அப்படியே இருந்தது. தனியாக இருந்ததால் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, யாரிடமும் சொல்வதில்லை என்று தீர்மானித்துக்கொண்டாள். ஆனால் வரையும்போது நட்சத்திரத்தையும் விடவில்லை, பொத்தானையும் விடவில்லை. கை அப்படி.

புதன்கிழமை ஸ்கந்தராஜா அளவு நாடாவோடு மண்டபத்துக்கு வந்தார். சுவரின் நடுமத்தியை அங்குலக் கணக்கில் கண்டுபிடித்து, பென்சில் புள்ளி வைத்துவிட்டு, மற்றப் படங்களைப் பார்த்துக்கொண்டே போனார். பதினேழாவது படத்துக்கு முன்னால் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இவர் ஆர்?"

"மாயாண்டி, அங்கிள். எஸ்டேட் நாடகத்துல..."

"என்ன உத்தியோகம்?"

"பால்மரம் வெட்டினவரு."

"பால்மரம் வெட்டினவருக்கு என்ட அப்பாவின்ட கோட்டை ஏன் போட்டு விட்டிருக்கிறீர்?"

குமுதா போட்டோவைக் காட்டினாள். அவர் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் யாரும் யாருக்கும் எதையும் மாட்டிவிடலாம் என்றார்.

"கலைஞர் எண்டால் உண்மையைக் கீற வேணும், பிள்ளை. வேட்டி கட்டி விடும். இல்லையெண்டால் வெறும் மேலோட, கையில ஒரு கத்தி. அது அவருக்கு ஒரு கௌரவம்தானே? வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள்ள மாத்தினால் தொங்கட்டும். மாத்தாட்டி அந்த ஆணியில ஒண்டும் தொங்காது."

"ஒரு படத்த எடுத்தா பத்தொன்பதுதான் இருக்கும் அங்கிள்."

"அழைப்பிதழில 'ஏறக்குறைய' எண்டு போட்டிருக்கு," என்றார். யோசித்துத்தான் அச்சடித்திருந்தார்கள்.

வியாழக்கிழமை கிளினிக்கில் கூட்டம் குறைந்த நேரத்தில் குமுதா நவமணிக்குப் போன் போட்டாள். மறைக்காமல் சொன்னாள். அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"வேட்டியில வரைஞ்சாலும் நல்லாத்தான் இருக்கும் தங்கச்சி. ஒங்களுக்கு மொதக் கண்காட்சி. என்னால கெட வேணாம்."

"நீங்க என்ன சொல்றீங்க அக்கா?"

"வேட்டி கட்டின எங்கப்பாவ நாந்தான் தெனமும் பாத்தேனே. அதுக்குப் போட்டோ எதுக்கு? வேன்காரன்கிட்ட சொல்லிட்டேன், அதான் ஒரு மாதிரியா இருக்கு. பரவால்ல லா. செய்யுங்க."

அன்று சாயங்காலம் குமுதா ரப்பரை எடுத்து மாயாண்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரு பொத்தானைக்கூட அழிக்க முடியவில்லை. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு, வெளியே வராமல் அடக்கி வைத்தது. துரையாக நிற்பவனின் சிரிப்பு அது. வேட்டிக்கு மேலே அந்த முகத்தை வைத்தால் ஏதோ திருடிவிட்டு நிற்பவர் மாதிரிதான் இருக்கும்.

ரப்பரை வைத்துவிட்டு, எட்டு வருஷத்துப் பழைய ஆர்டர்களின் போட்டோப் பிரதிகளைத் தேட ஆரம்பித்தாள். நேரம் எடுத்தது, ஆனால் கிடைத்தன. லகாட்டில் ஒரு கள்ளுக்கடைக் கணக்கப்பிள்ளை. பாகான் டத்தோவில் காயத்துக்குக் கட்டுப் போடும் ஒரு ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். வேட்டிக்கு மேலே கோட்டுப் போட்ட ஒரு கோயில் தலைவர். கோட்டுக் கை விரல் நுனிவரை மூடிய ஒரு கல்யாண மாப்பிள்ளை. நாலு பேருக்கும் இடது பக்கம் நட்சத்திரம். நாலு பேருக்கும் மூன்றாவது பொத்தான் பெரிது. இத்தனை வருஷமும் அதை அந்தக் காலத்து நாகரிகம் என்றே நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை கண்காட்சியில் எல்லார் முன்னாலும் இதைக் காட்டினால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். மிக நன்றாக இருந்தது. அதனாலேயே வேண்டாம் என்று விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் தலைவர் வீட்டுக்கே போனாள்.

ஸ்கந்தராஜா வரவேற்பறையில் ஷூவோடு இருந்தார். பேச்சில் பொய் இல்லை. அவர் மனைவி சரோஜாதேவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே உட்கார்ந்தார். குமுதா ஆறு போட்டோக்களையும் மேசையில் வரிசையாக வைத்தாள். விளக்கம் எதுவும் சொல்லாமல், ஒவ்வொரு நட்சத்திரத்தின்மேலும் விரலை மட்டும் வைத்துக் காட்டினாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். மாப்பிள்ளையை எடுத்தார், வைத்தார். அப்பாவை எடுத்தார், வைக்கவில்லை.

"இது மெய்யாயிருக்க ஏலாது," என்றார். குரலில் தலைவர் இல்லை.

சரோஜாதேவி சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டார், அடங்கவில்லை.

"என்னப்பா சிரிப்பு?" என்றார் ஸ்கந்தராஜா மனைவியிடம்.

"மாமி எனக்குச் சொன்னவ, உங்கட அம்மா. உங்களிட்டச் சொல்ல வேண்டாமெண்டும் சொன்னவ. இந்தப் படம்தானே கலியாணம் பேச யாழ்ப்பாணத்துக்குப் போனது. மாப்பிள்ளையின்ட கோட்டைப் பார்த்துத்தான் மாமி ஓமெண்டவ. கப்பலில வந்து இறங்கி, அண்டைக்கே பெட்டியைத் திறந்து தேடினவவாம். கோட் எங்க எண்டு கேட்டால், மாமா சொன்னாராம், டோபியிட்டக் குடுத்திருக்கு எண்டு."

"பிறகு?"

"பிறகென்ன. நாப்பது வருஷம் டோபியிட்டத்தான் இருந்தது. மாமியும் ஒவ்வொரு தீபாவளிக்கும் கேக்கிறவவாம், வந்திட்டுதோ எண்டு. மாமா பேப்பரை உயர்த்திப் பிடிப்பாராம்."

குமுதா தேநீரைக் குடித்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் கையில் இல்லை, இரக்கம் வந்துவிட்டிருந்தது. தம்மைவிடப் பெரிய கோட்டுக்குள் நுழைந்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பெண்ணுக்குப் பிடிக்க வேண்டுமே என்று நின்ற இருபத்து மூன்று வயதுப் பையனைத்தான் அவள் புரவலராக வரைந்திருக்கிறாள்.

"சிங்கப்பூர்த் தையல்காரர்?" என்றார் ஸ்கந்தராஜா, யாரையும் பார்க்காமல்.

"அது நீங்கள் சேர்த்தது," என்றார் சரோஜாதேவி.

அவர் மாயாண்டியின் போட்டோவைக் கையில் எடுத்தார். இந்தத் தடவை சரியாகப் பார்த்தார்.

"இந்த மனுசன் நல்லா நடிச்சவரோ?"

"துரையே பாத்துச் சிரிச்சாராம் அங்கிள்."

"என்ட அப்பா வீட்டில சிரிச்சு நான் கண்டதில்லை," என்றார். போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார். வேட்டியைப் பற்றியும் கேட்கவில்லை, ஆணியைப் பற்றியும் கேட்கவில்லை. குமுதாவுக்கும் கேட்கத் துணிவு வரவில்லை.

சனிக்கிழமை காலை அவள் மண்டபத்துக்குப் போனபோது படங்கள் மாட்டியாகிவிட்டிருந்தன. நடுமத்தியில் ஒருவரும் இல்லை. பென்சில் புள்ளிக்கு இந்தப் பக்கம் கார்த்திகேசு, அந்தப் பக்கம் மாயாண்டி. இருவருக்கும் ஒரே அளவு தூரம். ஸ்கந்தராஜா நாடா வைத்து அளந்திருப்பார்.

பத்து மணிக்கு வேன் வந்தது. பதினான்கு பேர் இறங்கினார்கள். நவமணி சந்தன நிறத்தில் ஒரு பட்டுச்சேலை கட்டியிருந்தாள். நேராகப் போய்த் தன் அப்பாவுக்கு முன்னால் நின்றாள், மூக்கை உறிஞ்சினாள், முந்தானையால் படத்தின் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தாள். அண்ணன் மகள் தினேஸ்வரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ், போனில் படம் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "இது தாத்தாவா? ஹேண்ட்சமா இருக்காரே அத்தை." பிறகு போனை அந்தப் பக்கம் திருப்பினாள், இந்தப் பக்கம் திருப்பினாள். பக்கத்தில் ஸ்கந்தராஜா விறைப்பாக நின்றிருந்தார்.

"அங்கிள், ஏன் ரெண்டு பேரும் ஒரே கோட்டு போட்டிருக்காங்க?"

மண்டபத்தில் அந்த நேரம் பார்த்துச் சத்தம் குறைந்தது. குமுதா தரையைப் பார்த்தாள்.

ஸ்கந்தராஜா தொண்டையைச் செருமினார். "ரெண்டு பேரும் கூட்டாளிகள்," என்றார். சொல்லிப் பார்த்தபோது அது நன்றாக இருந்திருக்க வேண்டும்; குரல் ஏறியது. "நல்ல கூட்டாளிகள். நாடகத்துக்குக் கோட் தேவையெண்டு மாயாண்டி கேட்டவர். என்ட அப்பா இரவல் குடுத்தவர். புரவலர்தானே."

அந்தக் காலத்தில் கார்த்திகேசு ஐயா மாயாண்டியைத் தம் வீட்டுப் படியேறக்கூட விட்டிருக்க மாட்டார் என்று குமுதாவுக்குத் தெரியும். கோட்டு எந்தக் கடையில் இரவல் வாங்கியது என்று நவமணிக்குத் தெரியும். நவமணி அவரைத் தலை முதல் ஷூ வரை ஒருமுறை பார்த்தாள்.

"ஆமா, எங்கப்பா சொல்லியிருக்காரு லா," என்றாள் நவமணி. "பெரிய மனுசன், கேட்ட ஒடனே நடுரோட்டுலயே கழட்டிக் குடுத்துட்டாருன்னு."

ஸ்கந்தராஜாவின் நெஞ்சு ஒரு அங்குலம் உயர்ந்தது.

"கழட்டினப்பதான் பாத்தாராம்," என்றாள் அவள், முகத்தில் ஒரு சிரிப்பை அடக்கி வைத்துக்கொண்டு. "உள்ள பனியன்ல மூணு ஓட்டைன்னு."

தினேஸ்வரி போனைத் தாழ்த்தினாள். சரோஜாதேவி வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்கந்தராஜா அப்பாவைப் பார்த்தார், மாயாண்டியைப் பார்த்தார், எதிரே நின்ற மாயாண்டியின் மகளைப் பார்த்தார். கழுத்துப் பட்டியைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"மூண்டு இல்லை," என்றார் கடைசியில். "ரெண்டு."