ஸகார் காத்த ரகசியம்

கிர்னே காட்டில் சோவியத் ஏவுகணைத் தளம் இருந்தது ராணுவ ரகசியம். அது தெரியாத மாடுகூட எங்கள் கூட்டுப்பண்ணையில் கிடையாது. பேருந்து ஓட்டுநர் "ராக்கெட்டெல்லாம் இறங்கு!" என்றுதான் கத்துவார். சிப்பாய்கள் எங்களுக்கு டீசலைத் திருடிக் கொடுத்துவிட்டுப் பாலாடைக்கட்டி வாங்கிப் போவார்கள். வரைபடத்தில் மட்டும் அங்கே வெறும் காடு. அமெரிக்காக்காரன் அதைப் பார்த்து ஏமாந்துவிடுவானாம். எப்பேர்ப்பட்ட மூளை!

அந்தத் தளத்துக்காக 1960இல் என் அம்மா ஸ்தெஃபானியாவின் வீட்டை இடித்தார்கள். சோவியத் ஆட்சி ஒழிந்தபின், பறித்த நிலத்தைத் திருப்பித் தருவதாக எங்கள் லிதுவேனிய அரசு அறிவித்தது. மனுக் கொடுத்தோம். நில அலுவலகப் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"பேப்பர்ல காடுன்னுதான் இருக்கு. வீடு இருந்துச்சுன்னு சாட்சி வேணும். சொந்தக்காரங்க செல்லாது. வெள்ளிக்கிழமை கடைசி."

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. "அந்த மண்ணுல ஒரு பாத்தி உருளைக்கிழங்கு போட்டுட்டுத்தான்டி சாவேன்" என்றாள்.

எங்களுடையது காட்டோரத் தனி வீடு. அதைப் பார்த்தவர்களில் மிச்சமிருந்தவர் ஸகார் ஒருவர்தான். தளத்தில் சார்ஜெண்டாக இருந்து, எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். வியாழக்கிழமை என் சமையலறையில் மூன்று பாட்டில் பீர் உள்ளே போனதும் வாய் திறந்தது.

"பச்சைக் கதவு. பதினோரு ஆப்பிள் மரம். உங்க நாய் என் பூட்ஸைக் கவ்விக்கிட்டு விடவே இல்லம்மா! ராக்கெட் நாலு. ஒவ்வொரு குழியும் முப்பது மீட்டர் ஆழம்..."

நான் கேட்காததையும் சொன்னார்.

மறுநாள் அலுவலகத்துக்குப் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்து நின்றார். "எதுவும் சொல்ல முடியாது. ரகசியம் காப்பேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"யாருக்கு மாமா? அந்த நாடே இல்லையே!"

"கையெழுத்து இருக்கே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடித்தால் ஊருக்கே ஒலிபெருக்கி, தெளிந்தால் மாவீரர். செத்த நாட்டுக்குக் காவல் நிற்கிற இந்த மூஞ்சியை என்ன செய்வது?

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஸகார், ராக்கெட்டைப் பத்தி இங்க யாருடா கேட்டா? என் கதவு என்ன நிறம்? அதுவும் ராணுவ ரகசியமா?"

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். முப்பத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக இருக்கும்.

"இல்ல... பச்சை."

அப்புறம் மரம், கிணறு, கொட்டகை எல்லாம் வந்தன. அலுவலகப் பெண் எழுதி முடித்தாள். "போதும். நிலம் உங்களுக்குத்தான் பாட்டிம்மா. கடைசியா ஒண்ணு. வீட்டை யாரு காலி பண்ணினது?"

"அது சொல்ல முடியாது" என்று ஸகார் மறுபடி விறைத்தார்.

"அப்போ, வீடு எப்படிப் போச்சுன்னு தெரியலைன்னு எழுதிடவா?"

நான் தலையாட்டப் போனேன். நிலம் கிடைத்துவிட்டதே. அம்மா என் கையில் ஒரு தட்டுத் தட்டித் தடுத்தாள்.

"எனக்குத் தெரியுமே. சொல்றா ஸகார். கையெழுத்து உன்னைத் தடுக்கல. வெட்கம் தடுக்குது."

அவர் பதக்கங்கள் லேசாகக் குலுங்கின.

"புல்டோசரை நான் ஓட்டல, ஸ்தெஃபா" என்றார். "உன் முடியைப் பிடிச்சு வெளிய இழுத்தது மட்டும்தான் நான்."

அலுவலகப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.