அலெக்ஸாண்டரின் ஈரல்

ஊசியை உருவியதும் ஜானட் பஞ்சை வைத்து அலெக்ஸாண்டரின் முன்னங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் என்றால் முக்கால் மணி நேரம் இப்படிப் பிடித்திருக்க வேண்டும். அப்படியும் மறுநாள் காலையில் கூண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாகக் கிடக்கும். இப்போது ஐந்தே நிமிஷம். பஞ்சை எடுத்துப் பார்த்தால் கடுகளவு கறை. நாய் காலை உதறிக்கொண்டு, ஏதோ இவள்தான் அதன் பொழுதை வீணாக்கிவிட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது. இந்த மிடுக்குக்காக அவள் வைத்த பெயர் அது. கம்பெனிக் காகிதங்களில் அதற்கு வெறும் எண்தான்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்துக்குப் பின்னால் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். பதினோரு நாய்கள். எல்லாம் ரத்தம் உறையாத நோயோடு பிறந்தவை, அதற்கான புது ஊசியைப் போட்டுப் பார்ப்பதற்காகவே பிறக்க வைக்கப்பட்டவை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஊசியைப் போடும்வரை, கூண்டுக் கம்பியில் லேசாக இடித்துக்கொண்டால் போதும், முட்டிக்குள் ரத்தம் இறங்கி வீங்கிவிடும். வேலைக்குச் சேர்ந்த அன்று அப்படி ஒரு காலைப் பார்த்தபோது ஜானட்டுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ராயபுரத்து வீட்டில் தம்பி ஜெரால்டுக்கு அதே கால்தான். அம்மா வழியாக வந்து ஆண்பிள்ளையைப் பிடிக்கிற நோய். ஜானட்டின் ரத்தத்திலும் அது சத்தமில்லாமல் கிடக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அதோடு கல்யாணப் பேச்சை எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்கும் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.

வீட்டில், மருந்துக் கம்பெனியில் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தாள். வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள், அது ஒரு சாக்கு. உன்னைப் படுத்துகிற அதே நோயை வேண்டுமென்றே கொடுத்துக் குட்டிகளைப் பிறக்க வைக்கிற இடத்தில் நான் சோறு வைக்கிறேன் என்று தம்பியிடம் எப்படிச் சொல்வது?

"வியாழக்கிழமை இவனை எடுத்துக்கறோம், ஜானட்" என்றார் ஆய்வை நடத்துகிற டாக்டர் இஷ்ரத்.

"எங்க மேடம்?"

இஷ்ரத் பேனாவை மூடி வைத்தார். "ஈரலப் பாக்கணும். அந்த ஊசி ஈரல்லதான போய் உக்காருது. மனுஷங்களுக்குப் போடறதுக்கு முன்னாடி, அங்க கட்டி எதுவும் கிளம்பலைன்னு முழுசாத் தெரியணும்."

"சின்னதா கிள்ளிப் பாத்தா ஆவாதா? அப்பால நான் வூட்டுக்கு இட்டுகினு போயிடறேன் மேடம். மூணு வருசமா நல்லா கீது. ஓடுது, குதிக்கிது."

"ஒரு ஓரத்துல கிள்ளினா இன்னொரு ஓரத்துல இருக்கறது தெரியாதும்மா." தணிந்த குரலில் கேட்டார். "உங்க தம்பி பேரும் ஊசி போடப்போறவங்க லிஸ்ட்ல இருக்குன்னு சொன்னீங்கள்ல?"

அன்று சாயங்காலம் ஜெரால்ட் முட்டியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முப்பத்திரண்டு வயது ஆளுக்கு முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம்.

"ஒரே ஊசியாங்க்கா. நாய்ங்களுக்குப் போட்டுப் பாத்துக்கீறாங்க. மூணு வருசமா ஒண்ணியும் ஆவலியாம். ஏதோ கடைசி டெஸ்ட்டு ஒண்ணு பாக்கி கீதாம்." ஐஸ் பையை நகர்த்தி வைத்தான். "கால மடிச்சி, தரைல உக்காந்து ஒரு நாளு சோறு துன்னணும்க்கா. அது போதும்."

ஜானட் குழம்பைச் சூடு பண்ணப் போனாள்.

வியாழக்கிழமை, வேறு யார் பிடித்தாலும் மிரளும் என்று அவளே கேட்டு அந்த வேலையை வாங்கிக்கொண்டாள். ஊசியைப் பார்த்ததும் அலெக்ஸாண்டர் வழக்கம்போல முன்னங்காலைத் தானே நீட்டியது. அவள் கையின் மேல் தாடையை வைத்துக்கொண்டது. பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. இஷ்ரத் தோளைத் தொட்ட பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. ஈரலில் இரண்டு இடங்களில் செல்கள் ஒரு மாதிரி திரண்டிருந்தன. புற்று என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. மற்ற நாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மனிதர்களுக்கான ஊசியைத் தள்ளி வைத்துவிட்டார்கள். எத்தனை வருஷத்துக்கு என்று இஷ்ரத்துக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப எனுக்குப் போட மாட்டாங்க."

"இப்பிக்கி இல்லடா."

தெருவில் மீன் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"நீயா புடிச்சிகினு இருந்த?"

"ஆமா."

"கத்துச்சா?"

"இல்ல."

"பேரு வச்சிருந்தியா அதுக்கு?"

சொன்னாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான்கு நாள் அவளிடம் பேசவில்லை. போட்டதைச் சாப்பிட்டான், தட்டை நகர்த்தி வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முன்னாலேயே சட்டை மாற்றிக்கொண்டு, கைத்தடியை ஊன்றி, தனியாக மாதா கோயிலுக்குப் போய்விட்டான். ஜானட் போனபோது பூசை தொடங்கியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் இடம் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. எல்லோரும் முழந்தாளிட்டார்கள், அவளும். இறந்தவர்களை நினைக்கிற இடம் வந்தபோது வீட்டுக்காரர்கள் பெயர் எழுதிக் கொடுத்திருந்த சீட்டைச் சாமியார் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்தார். அம்மாவின் பெயர் வந்தது, சிலுவையம்மாள். அப்பாவின் பெயர், ஸ்டானிஸ்லாஸ். அதையடுத்து, அதே குரலில், "அலெக்ஸாண்டர் ஆகியோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும்…"

முன்வரிசையில் இருந்த பக்கத்து வீட்டு ரெஜினா முழந்தாளிட்டபடியே திரும்பி, யாரது என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். ஜானட் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். குனிந்த அத்தனை தலைகளுக்கும் நடுவில், மடங்காத கால்களோடு அவன் ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருந்தான், முன் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பீடத்திலிருந்து எடுக்காமல்.