துடைக்காத இலை

எங்கள் ஊரில் இருமல் வந்தால் ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதில்லை. அவர்கள் வீட்டுச் செடியைத்தான் கூட்டிப்போவோம். உடம்புக்கு என்ன என்று கேட்டால் ஆட்கள் ஒன்றுமில்லை என்பார்கள். செடிக்கு அந்தப் பழக்கம் இல்லை. வீட்டுக்காரர்கள் விடும் மூச்சைத்தான் அதுவும் விடுகிறது. அவர்கள் நெஞ்சில் படிகிற புகைதான் அதன் இலையிலும் படிகிறது. டாக்டர் இலையின் அடியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லி, அந்த வீட்டு நெஞ்சின் நிலவரத்தைச் சொல்லிவிடுவார். ஆட்கள் வீட்டில் இருந்து வேலையைப் பார்க்கலாம்.

இந்த முறையில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. என் சண்டை வேறு.

என் அம்மா சுலோச்சனா தீபாவளியிலிருந்து இருமிக்கொண்டிருந்தாள். எங்கள் செடியை அப்பா மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார். மூன்று தடவையும் அது நலம் என்று திரும்பி வந்தது. பல்கலைக்கழக விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "செடிதான் நல்லா இருக்கே, அப்புறம் என்ன?" என்றாள். அவளுக்கு அதில் உண்மையிலேயே நிம்மதி.

மறுநாள் செடியை நானே கூட்டிப்போனேன். பஸ்ஸில் அதை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். அது மணி பிளான்ட். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அப்பா அம்மாவின் கல்யாணப் போட்டோவைச் சுற்றி வளர்ந்த செடி.

ஆஸ்பத்திரிப் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒருவர் கற்றாழையை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் செடியை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன பாப்பா, ஒன் செடி இந்த மினுக்கு மினுக்குது? வைத்தியத்துக்கு வந்த மாதிரி இல்லியே. நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாதிரில்ல இருக்கு."

"எங்கம்மா தினமும் ஈரத்துணியால துடைப்பாங்க அண்ணே."

"குடுத்து வச்ச செடி. எங்க வீட்ல என்னையவே யாரும் துடைக்கிறதில்ல."

கற்றாழை இருமியது. அவர் அதன் முதுகை நீவிவிட்டார்.

டாக்டர் ஜெபசீலன் எங்கள் செடியை ஒவ்வொரு இலையாகக் கேட்டார். பஞ்சால் ஓர் இலையை ஒற்றிப் பார்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"அம்மா நல்லா இருக்காங்க."

"நல்லா இருக்கிறது ஹால் சார். அம்மா இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "செடி வீட்டோட முக்கியமான அறையில இருக்கணும்மா. அதான் விதி."

"முக்கியமான அறைன்னா எது சார்?"

"டிவி இருக்கிற அறை."

"டிவிக்கா சார் இருமல்?"

அவர் யோசித்தார். நான் விடவில்லை. என் அம்மா தெருமுனைக் கடைக்குக் காராசேவு போட்டுக் கொடுக்கிறாள், காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால்தான் நிற்கிறாள் என்றேன். அடுப்பங்கரை ஜன்னல் பெயின்ட் அடித்ததில் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்காகத் திறப்பதில்லை என்றேன். புகை ஹாலுக்கு வந்தால் அப்பாவுக்குத் தும்மல் வருமென்று கதவைச் சாத்திக்கொண்டுதான் பொரிக்கிறாள், ஹாலுக்கு வரவேண்டிய புகையையும் சேர்த்து அவளே வைத்துக்கொள்கிறாள், அந்த ஹாலில் உட்கார்ந்து டிவி பார்க்கிற செடியிடம் போய் இவள் நெஞ்சைப் பற்றிக் கேட்பது என்ன நியாயம் என்றும் கேட்டேன். என் குரல் வராந்தா வரைக்கும் போயிருக்க வேண்டும். கற்றாழைக்காரர் வாசலில் எட்டிப்பார்த்து, "சரியாத்தான் கேக்குது பாப்பா" என்றார்.

"பல்கலைக்கழகமா?" என்றார் டாக்டர்.

"ஆமா சார்."

"தெரியுது. சரி, அடுப்பங்கரையில வச்சு, அடுத்த மாசம் கூட்டிட்டு வா. ஆனா இலையைத் துடைக்கக் கூடாது. துடைச்ச செடிகிட்ட கேக்குறது, அழிச்ச பலகையில பாடம் படிக்கிற மாதிரி."

செடியை அடுப்பங்கரைக்கு மாற்றியது சுலபமாக முடிந்தது. கல்யாணப் போட்டோவை விட்டுவர அதற்குக் கொஞ்சம் தயக்கம். அப்பா அதனிடம் பேசி ஒவ்வொரு சுருளாகப் பிரித்துவிட்டார். துடைக்காமல் இருக்கச் செய்வதுதான் முடியவில்லை. நான் துணியை ஒளித்துவைத்தால் அம்மா முந்தானையால் துடைத்தாள்.

"அம்மா, துடைச்சா ஒன்னைப் பத்தி ஒண்ணுமே தெரியாம போயிடும்."

"போகட்டும். இம்புட்டு எண்ணெய்ப் பிசுக்கோட அது ஆஸ்பத்திரிக்குப் போனா, இது என்ன பொம்பள, வீட்டை இப்படி வச்சிருக்கான்னு நெனைக்க மாட்டாங்க?"

"நெனைக்கட்டும்மா! ஒனக்கு மூச்சு முக்கியமா, அவங்க நெனைக்கிறது முக்கியமா?"

"ஒனக்கு வாய் முக்கியம். அந்தக் கரண்டிய எடு."

எனக்கு அழுகை வந்தது. நான் எத்தனையோ பட்டிமன்றங்களில் ஜெயித்தவள். அந்தத் துணியிடம் தோற்றுக்கொண்டிருந்தேன்.

அம்மா செடிக்குப் பக்கத்தில் நின்று பொரித்தாள். இடையிடையே அதனிடம் பேசினாள். முதல் வாரம் அது கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. அடுத்த வாரம் அம்மா இருமினால் அதுவும் இருமியது. அதன்பிறகு அம்மா இரும வாய் திறக்கும்போதே அது முந்திக்கொண்டது. அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து, தான் பாதி குடித்துவிட்டு மீதியை அதன் வேரில் ஊற்றுவாள். ஹாலில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குச் சாத்திய கதவு வழியாகக் கேட்கிற இருமலில் எது யாருடையது என்று சொல்ல முடியாமல் போயிற்று. அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மாதம் முடிந்ததும் துடைத்துப் பளபளக்கும் செடியோடு மறுபடியும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு இலையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் சுத்தமாக இருந்தன. நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். அப்போது செடி தன் கொடி ஒன்றைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து மெதுவாக முன்னால் நீட்டியது. அதன் நுனியில் ஒரே ஓர் இலை இருந்தது. கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், அம்மாவின் கை எட்டாத சந்தில் அதைத் தனியாக வளர்த்திருக்கிறது.

டாக்டர் பஞ்சால் அதை ஒற்றினார். பஞ்சு கறுத்தது. அறை முழுக்கக் காராசேவு வாசனை வந்தது. ஸ்டெதஸ்கோப்பை அந்த இலையின் அடியில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

செடி இருமியது. பக்கத்து இலை ஒன்றைத் தூக்கி வாயை மூடிக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாமல், சின்னதாக இரண்டு தடவை. அம்மா முந்தானைக்குள் இருமுவது அப்படித்தான். தொட்டியைச் சேர்த்து அணைத்துக்கொண்டேன்.

செடியை வார்டில் சேர்த்துவிட்டார்கள். துணைக்கு அம்மாவை இருக்கச் சொன்னார்கள். செடிக்கு ஒரு கட்டில், அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு, தலைமாட்டில் வேப்பமரம் தெரியும் பெரிய ஜன்னல். செடிக்கு ஆவி பிடித்தார்கள். பெட்ஷீட்டின் மறுமுனைக்குள் அம்மாவும் தலையை நுழைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கம். நர்ஸ் வந்து, "நீங்க ஆழமா மூச்சு விட்டாத்தான் அதுவும் விடும்மா, பாத்துக் கத்துக்கும்" என்பாள். தனக்கென்றால் அம்மா செய்திருக்க மாட்டாள். செடிக்காக நாள் முழுக்க மூச்சு விட்டாள். மத்தியான நேரங்களில் தூங்கினாள். அவள் மத்தியானத்தில் தூங்கி நான் பார்த்ததேயில்லை. அப்பா வேண்டுமென்றே சீக்கிரம் வந்து, அவள் எழுந்திருக்கும் வரைக்கும் வார்டு வாசலில் சாப்பாட்டுக் கூடையோடு நின்றுகொண்டிருப்பார்.

வீட்டில் அப்பா உளியும் சுத்தியலும் வைத்து அடுப்பங்கரை ஜன்னலைத் திறந்தார். வெளியே ஒரு தெரு இருந்தது. புகை போகிற ஃபேன் ஒன்றையும் மாட்டினார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அப்பாவையும் கூப்பிட்டுச் சொன்னார். செடி இனி அடுப்பங்கரைக்குப் போகக் கூடாது, ஹாலில் ஓய்வெடுக்கட்டும். ஆனால் அடுப்பங்கரையில் செடி இல்லாமலும் இருக்கக் கூடாது. செடி தேறுகிற வரைக்கும், புகையை அளக்க வீட்டில் ஒருவர் அதன் இடத்தில் இருக்க வேண்டும்.

"நான் இருக்கேன் சார்" என்றேன்.

"நீ இருந்தா புகையோட சண்டை போடுவ. அளக்க முடியாது." அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வேலை பார்ப்பது தபால் ஆபீஸில். முப்பது வருஷமாக ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்து முத்திரை குத்துகிறவர். "சார் பொருத்தமா இருப்பாங்க."

அப்பா தலையாட்டினார். வரும் வழியில் பெரிய மண்தொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டோம். தபால் ஆபீஸில் லீவு கொடுத்துவிட்டார்கள். காலை வெயில் படுமா என்று மட்டும் கேட்டார்கள்.

முதல் நாள் அம்மா எண்ணெய்ச் சட்டியை வைத்ததும், மூலையில் தொட்டிக்குள் நின்றிருந்த அப்பாவுக்கு இருமல் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"சுலோ, தினமும் இப்படித்தானா?"

"இன்னைக்கி கம்மி."

அப்பா இருமும்போதெல்லாம் அம்மா அடுப்பைத் தணித்தாள். இரண்டு தடவைக்கு மேல் இருமினால் கடைக்காரனிடம் இன்றைக்குச் சேவு இவ்வளவுதான் என்று என்னைச் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். தனக்காக ஒருநாளும் தணிக்காத அடுப்பு. இதைப் பற்றி அவளிடம் கேட்க என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் அவள் இருமல் குறைந்துகொண்டே வந்ததால் கேட்காமல் இருந்தேன்.

சாயங்காலமானால் அம்மா ஈரத்துணியோடு அப்பாவிடம் போவாள். நெற்றி, கன்னம், காது மடல் என்று ஒவ்வொன்றாகத் துடைப்பாள். துடைக்கக் கூடாது, அளவு கெட்டுப்போகும் என்று நான் கத்துவேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

"ஏம்ப்பா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"செடி எப்படிடி பேசும்?" என்பாள் அம்மா.

நான் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிய அன்று, சாத்தாத கதவு வழியாக ஹாலிலிருந்து செடி பார்த்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்குத் தோளின் பின்பக்கத்தில் சின்னதாக ஓர் இலை துளிர்த்திருந்தது. அம்மா துணியை அலசிப் பிழிந்து அவர் முகத்தைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள். தோளுக்கு வந்ததும், டாக்டருக்கு வேண்டுமென்று அந்த இலையை மட்டும் விட்டுவிட்டாள்.