சூடானால் நின்றுபோகும் கார்

மாட்டுப்பட்டி அணையைத் தாண்டி மேலே ஏறும் வளைவில் கார் செத்தது. முக்கல் இல்லை, முனகல் இல்லை, ஓடிக்கொண்டிருந்த வண்டி பொசுக்கென்று நின்றுவிட்டது. ஸ்டியரிங் இறுகிப்போனது. இந்து இரண்டு கையாலும் மல்லுக்கட்டி, தேயிலைச் சரிவோரமாக வண்டியை ஒதுக்கி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

"எத்தன தடவ சொன்னேன், பெட்ரோல் ஏறலன்னு," என்றான் பக்கத்து சீட்டிலிருந்த அவள் புருஷன் பொன்ராஜ்.

வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டுக்கொண்டு கிடக்கிற மனுசன் பேசுகிற பேச்சா இது? டூரிஸ்டுகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவன், மழை ஈரத்தில் எஸ்டேட் லயத்து வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து மூன்று வாரமாகிறது. அன்றைக்கு மூணாறு ஆஸ்பத்திரியில் கட்டைக் காட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவன் காலை ஒடித்துக்கொண்டதால் வண்டி இந்து கைக்கு வந்திருந்தது. பழைய கார், அவனிடம் வருவதற்கு முன்பே இரண்டு கை மாறியது.

"பம்ப மாத்தினீங்க, பிளக்க மாத்தினீங்க, ஃபில்டர மாத்தினீங்க. அப்புறமும் பெட்ரோலாம். மெக்கானிக் மொக்கையன் அண்ணன் தலையால அடிச்சுக்கிட்டாரு, சென்சாரப் பாருன்னு," என்றாள் இந்து.

"அவன் கெடக்கான்."

அதற்குள் மஞ்சு மூட்டம் இறங்கி மலையை மூடிவிட்டது. மதியம் போய்ச் சாயங்காலம் வரும் நேரம்தான், ஆனால் ரோடு பத்தடிக்கு மேல் தெரியவில்லை. முன்னால் போன பஸ் போயே போய்விட்டது, பின்னால் எதுவும் வரவில்லை. செல்லில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. எஸ்டேட் வாட்ஸ்அப்பில் காலையிலேயே போட்டோ வந்திருந்தது, ஒற்றைக் கொம்பன் ஆனை இந்தப் பக்கம்தான் திரிகிறான் என்று.

மேலே தேயிலைக்குள் மரக்கிளை படீரென்று முறிந்தது.

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். மஞ்சுக்குள் கறுப்பாக ஏதோ அசைந்தது. அப்புறம் காது, அப்புறம் வெள்ளையாகக் கொம்பு.  

"இந்து," என்று பொன்ராஜ் கிசுகிசுத்தான். "அந்தப் பக்கமா மெதுவா எறங்கு. அணைக்குப் போற ரோட்டப் பிடிச்சு ஓடு. அங்க கடையில ஆளு இருக்கும்."

"நீங்க?"

"எனக்கென்ன, உள்ள குந்தியிருக்கேன்."

உள்ளே குந்தியிருக்கிறானாம்! போன மாதம் இதே ரோட்டில் நின்ற ஜீப்பைப் புரட்டிப் போட்ட ஆனை அது. அவனுக்கு இறங்கவே இரண்டு ஊன்றுகோல் வேண்டும், ஓட்டத்துக்கு எங்கே போக? அவனை விட்டுவிட்டு ஓடினால் பிறகு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று அவள் நினைத்தாள். ஓடும் எண்ணமே வரவில்லை.

சாவியைத் திருப்பினாள். பின்சீட்டுக்கடியில் பெட்ரோல் பம்ப் 'ஊய்ங்' என்று சத்தம் கொடுத்து அடங்கியது. ஆக, பம்ப் வேலை செய்கிறது. இன்னும் திருப்பினாள். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஸ்பீடு மீட்டருக்குப் பக்கத்தில், இன்ஜின் சுற்றுவதைக் காட்டும் முள் அடியிலேயே படுத்துக் கிடந்தது. துளிகூட ஆடவில்லை.

மொக்கையன் சொன்னது இதுதான். இன்ஜின் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதே அந்தச் சென்சார்தான். பழசானது சூடேறினால் செத்துப்போகும், ஆறினால் உயிர் வரும். அது செத்தால் முள் எழும்பாது. "அவசரத்துக்குப் பச்சத்தண்ணி ஊத்து தங்கச்சி, கொஞ்ச தூரம் ஓடும். அப்புறம் என்கிட்ட கொண்டா," என்று இடத்தையும் தொட்டுக் காட்டியிருந்தார்.

"பாத்தீங்களா முள்ள?" என்றாள்.

பொன்ராஜ் பார்த்தான். 

தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இந்து இறங்கினாள். "ஏய், ஏய்!" என்று அவன் சேலையைப் பிடித்தான். உதறிவிட்டுப் போனாள். பானெட்டைத் தூக்கியதும் அனல் மூஞ்சியில் அடித்தது. இந்தக் குளிரில் இத்தனை சூடா? குனிந்து பார்த்தவளுக்கு ரத்தம் கொதித்தது. ரேடியேட்டருக்கு முன்னால், வெளியே தெரியாதபடி, சாக்கு கட்டியிருந்தது!

மலையில் குளிர்காலத்தில் டிரைவர்கள் செய்கிற வேலைதான். விடியற்காலையில் சாக்கைக் கட்டினால் இன்ஜின் சீக்கிரம் சூடாகும், வெயில் ஏறியதும் அவிழ்த்துவிடுவார்கள். இந்த மகராசன் காலையில் ஊன்றுகோலோடு நொண்டி வந்து கட்டியிருக்கிறான், அவிழ்க்கச் சொல்லத்தான் மறந்துவிட்டான். சாகக் கிடந்த சென்சாரை வேகவைத்தே கொன்றிருக்கிறான்.

"அடப்பாவி மனுசா," என்று பல்லைக் கடித்தபடி சாக்கைப் பிய்த்து எறிந்தாள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் மொக்கையன் காட்டிய கறுப்புச் சென்சாரைத் தேடிப் பிடித்துத் தண்ணீரை ஊற்றினாள். சுர்ரென்று ஆவி எழுந்தது. பாதித் தண்ணீர் வெளியே போனது. மீதியைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஆறடா, ஆறித் தொலையடா.

நிமிர்ந்தபோது ஆனை ரோட்டில் நின்றது. எதிரே, இரண்டு ஆள் நீளத்தில். அதன் மூச்சுச் சத்தம் கேட்டது. இந்துவின் கால் மண்ணில் புதைந்ததுபோல் நின்றுவிட்டது.  ஆனை தும்பிக்கையை அவள் பக்கம் நீட்டி மோந்தது.

இடது பக்கக் கதவு திறந்தது.

"சாமி! இங்க பாருங்க சாமி!" பொன்ராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு, மாவுக்கட்டுக் காலை ரோட்டில் ஊன்றி எழுந்து நின்றான். "அவள விட்டுருங்க சாமி. நான்தான இங்க நிக்கேன். இங்கிட்டு வாங்க."

ஆனை அவன் பக்கம் திரும்பியது. ஓரடி வைத்தது. இன்னொன்று வைத்தது.

இந்துவுக்கு அப்போதுதான் கால் வந்தது. பானெட்டை டமாரென்று சாத்தினாள். ஆனை திடுக்கிட்டுக் காதை விரித்தது. அந்த இடைவெளியில் வலது பக்கம் ஓடி சீட்டில் விழுந்து சாவியைத் திருப்பினாள். முள் துள்ளியது. இன்ஜின் பிடித்தது.

"ஏறுங்க!"

அவன் விழுந்தான் உள்ளே. ரிவர்ஸில் வளைவு முழுக்க இறங்கினாள். எங்கே விளிம்பு, எங்கே பள்ளம் என்று தெரியாமல், கடவுளே கடவுளே என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். ஆனை நாலெட்டுத் துரத்திவிட்டு நின்று, பிய்த்தெறிந்த சாக்கை எடுத்து உதறியது.

அணைப் பக்கத்துக் கடையோரம் வந்ததும் சிக்னல் கிடைத்தது. இந்து போன் போட்டதும் மொக்கையன் பைக்கில் புதுச் சென்சாரோடு வந்து சேர்ந்தார். ஒரே ஒரு போல்ட், ஒரே ஒரு பிளக். பழையதைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். பிளாஸ்டிக் நீளவாக்கில் வெடித்திருந்தது. புதியதை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் முள் சும்மா கிண்ணென்று எழுந்து நின்றது.

"பொன்ராஜ், கொஞ்சம் எறங்கி டீ குடிச்சிட்டு உக்காரு," என்றார்.

பொன்ராஜ் இறங்கவில்லை. இந்து சுற்றிவந்து பார்த்தாள். கதவு சரியாகச் சாத்தாமலே இருந்தது. அவன் கை அதன் பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தது, விரலெல்லாம் வெளுத்துப்போய்.

"விடுங்க," என்றாள்.

"விட வரல இந்து."

ஒவ்வொரு விரலாக அவள்தான் பிரித்தாள்.  மூன்று வாரத்துக் கோபம், சாக்கு, பெட்ரோல் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது.

"ஓட முடியாத ஆளு, ஏன் கதவத் தொறந்தீங்க? செத்திருப்பீங்களே!"

"நீ நின்னல்ல அங்க," என்றான்.

திட்ட வாயெடுத்தவள் அவன் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.