உப்பில்லாத ஐந்தாவது கேக்

கோட்டைமேட்டில் தாஜுன்னிசா கேக் சுட்ட அடுப்பு, விருந்துக்கு வரப்போகிறவர்களில் ஒரே ஒருவருக்குச் சாப்பிட ஏதும் இல்லாமல் போகுமென்றாலும் கதவைத் திறக்காது. 1953இல் தொடங்கிய இந்தப் பழக்கத்தை அது கடைசிவரை விடவில்லை. பார்வைக்குச் சாதாரண அடுப்புதான். செங்கல்லும் சுண்ணாம்பும், ஆள் குனிந்து பார்க்கிற அளவுக்கு ஒரு வாய், அதற்கு ஓர் இரும்புக் கதவு, எரிக்கப் புளிய விறகு. மாவுத் தட்டுகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவார்கள். விருந்தாளிகள் அத்தனை பேருக்கும் உள்ளே ஏதாவது இருந்தால், வெந்ததும் விரல் பட்டாலே திறந்துகொள்ளும். யாரையாவது மறந்திருந்தால் நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. மறந்தவருக்கு ஒத்துக்கொள்கிற மாவைக் கலந்து எதிரே கொண்டுவந்து நிறுத்தினால் மட்டும் திறந்து அதையும் வாங்கிக்கொள்ளும். அதுவரை உள்ளே இருப்பது கருகாமல் அப்படியே காத்திருக்கும். சிறுவாணித் தண்ணீர் இனிப்பதையும் மில் சங்கு நேரத்துக்கு ஊதுவதையும் எப்படி எடுத்துக்கொண்டார்களோ அப்படியே கோயமுத்தூர் ஜனங்கள் இதையும் எடுத்துக்கொண்டார்கள். ஒருமுறை சுகாதார அதிகாரி ஒருவர் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, புகைபோக்கி இன்னும் ஓரடி உயர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தாஜுன்னிசா குன்னூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் நசுருதீன் பன்னும் வர்க்கியும் விற்றுக்கொண்டிருந்தார். மனிதருக்குப் பேச்சு வராது. இரண்டு பேருக்கும் சேர்த்துத் தாஜுன்னிசா பேசினார். கேக் வேண்டுமென்று வருகிறவர்களை முக்காலியில் உட்கார வைத்து, யார் யார் வருகிறார்கள், யாருக்கு எது ஆகாது என்று அவர் குடைகிற குடைச்சலில் பெரிய வக்கீல்களே வேர்த்துப்போனார்கள். வீட்டில் சொல்லாத சர்க்கரை வியாதி, வெளியில் சொல்லாத வேண்டுதல், மருமகளுக்குப் பயந்து மறைத்த வயிற்றுப்புண் எல்லாம் அந்த முக்காலியில் இறக்கி வைக்கப்பட்டன. ஒன்றுகூட வெளியே போனதில்லை. இதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று நினைத்தவர்கள் உண்டு. இதை எழுதுகிறவனும் அவர்களில் ஒருவன். ஆர்.எஸ்.புரத்துக் கல்யாணம் ஒன்றில், பால் சேராத சித்தப்பா ஒருவரை மறந்தே போய் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். அடுப்பு முரண்டு பிடிக்காமல் திறந்தது. எல்லோருக்கும் ஆச்சரியம். கல்யாணத்தன்று சித்தப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு வரவில்லை என்று தெரிந்த பிறகுதான், வராதவர்களைப் பற்றி அடுப்புக்குக் கவலை கிடையாது என்பது புரிந்தது.

சிங்காநல்லூரில் நூல் மில் வைத்திருந்த சுந்தரராஜுலுவின் மனைவி வரலட்சுமி 1961இல் அந்த முக்காலியில் வந்து உட்கார்ந்தார். வீட்டுக்குள் தெலுங்கும் வெளியில் கோயமுத்தூர்த் தமிழும் பேசுகிற குடும்பம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிய பிறகு பிறந்த குழந்தை கனகம். அவளுக்கு முதல் பிறந்த நாள், அன்றைக்கே காதுகுத்து. மில்லுக்கு இயந்திரம் பூட்ட வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுவதைப் பற்றிச் சொல்லப்போக, சுந்தரராஜுலுவுக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. வரலட்சுமிக்கு இருந்த ஆசை வேறு. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் இருந்தார், உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்து நன்றாகவே இருந்தார். ஆனால் ஆறு வருஷமாகத் தங்கை வீட்டு வாசல்படி ஏறவில்லை.

அது நடந்தது சிங்காநல்லூர் பங்களாவின் கிரகப்பிரவேசத்தில். முதல் பந்தி, முதல் இலை. வரலட்சுமியின் அண்ணன் ராமுலு உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பும் வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து மில் விஷயமாகப் பெரிய மனிதர்கள் சிலர் காரில் வந்து இறங்கினார்கள். எங்கள் ஊரில் விருந்தாளி என்றால் உயிரை விடுவோம். வீட்டு மனிதர் எப்போதும் காத்திருக்கலாம் என்பது எங்களுடைய எண்ணம். சுந்தரராஜுலு ஓடிவந்து மச்சான் தோளில் கை வைத்து, "நீங்க நம்ம ஆளு, அடுத்த பந்தியில உக்காந்துக்கலாமுங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதுதான் கொடுமை. ராமுலு எழுந்தார், கை கழுவினார், சத்தமே போடாமல் ஒரு வார்த்தை சொன்னார்: "இந்த ஊட்டு உப்பு இனி எம் நாக்குல படாதுங்க." பஸ் ஏறிப் போய்விட்டார். மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்து நினைத்தே வருஷங்களை ஓட்டினார். தங்கை மட்டும் ஒவ்வொரு நல்ல நாளுக்கும் வெற்றிலை பாக்குத் தட்டோடு உடுமலைக்குப் போய் அழைத்துவிட்டு வருவார். காதுகுத்துக்கும் போனார். தங்கை வருவதைப் பார்த்த ராமுலு பின்வாசல் வழியாகத் தோப்புக்குள் போய்விட்டார். தட்டை அண்ணியிடம் கொடுத்துவிட்டு வரலட்சுமி திரும்பினார். மடிக்கு ஆள் வேண்டுமே என்று, ஒன்றுவிட்ட தம்பி முறையாகிற பாலகோபாலுக்குப் புது வேட்டி எடுத்தார்கள்.

ஆகவே முக்காலியில் உட்கார்ந்து கேக்குகளைத் தேர்ந்தெடுத்தபோது வரலட்சுமி அண்ணன் பேரைச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கும் பொதுவாக எல்லோருக்கும் முட்டை போட்ட பெரிய கேக். பருத்தி வியாபாரி சேட்டுக் குடும்பத்துக்கு முட்டை ஆகாது. அவர்களுக்குத் தயிரும் வாழைப்பழமும் போட்டு ஒன்று. மாமனார் வரதராஜுலுவுக்குச் சர்க்கரை வியாதி. அவருக்கு நிலக்கடலை மாவில் இனிப்பே இல்லாமல் ஒன்று. கிழவர் தனியாக ஆள் அனுப்பி, தன் கேக்கில் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் சர்க்கரை போடச் சொன்னார். போட்டால் கதவு திறக்காது என்று தாஜுன்னிசா சொல்லி அனுப்பிவிட்டார். வெள்ளைக்கார இன்ஜினியருக்குப் பால் வெண்ணெய் எது பட்டாலும் வயிறு கெட்டுவிடும். தேங்காய்ப்பாலில் செய்த கேக்கை அவர் ஆயுசில் கண்டதில்லை, அதுவும் ஒன்று. நசுருதீன் குடும்பத்துக்கும் அழைப்பு உண்டு என்பதால் எதிலும் ரம் வாசனை கூடாது. ஒவ்வொன்றிலும் ருசி எடுக்க ஒரு சிட்டிகை உப்பு. ஆக, நாலு கேக். விருந்துக்கு முதல் நாள் காலையில் நாலும் உள்ளே போயின.

மதியம் சாய்ந்தும் கதவு திறக்கவில்லை. கேக் வாசனை மட்டும் தெருக்கோடிவரை போனது. மில் காரில் வந்து காத்திருந்த வரலட்சுமியும் தாஜுன்னிசாவும் விருந்தாளிகளை ஒவ்வொருவராக விரல் மடக்கிப் பார்த்தார்கள். யாரும் விட்டுப்போகவில்லை. தகவல் போய்ச் சுந்தரராஜுலு வந்தார். கூடவே மில்லிலிருந்து ஃபிட்டரையும் கடப்பாரையையும் கொண்டுவந்தார். ஃபிட்டர் கடப்பாரையைக் கதவிடுக்கில் கொடுத்து நெம்பினார். கடப்பாரை அரிவாள்மனை மாதிரி வளைந்தது. மில் சொத்து ஆயிற்றே என்று அதை அங்கேயே தட்டி நிமிர்த்தி எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

தாஜுன்னிசா முக்காலியை இழுத்து வரலட்சுமிக்கு எதிரில் போட்டுக்கொண்டார். "அம்மணி, யாரையோ உட்டுப்போட்டீங்க. நல்லா ரோசனை பண்ணிப் பாருங்க."

"யாரையும் உடலீங்கக்கா. எங்கண்ணன் ஒருத்தரைத்தான் சொல்லலை. அவரு வரமாட்டாருங்க."

"வராதவங்களுக்காக இது அடம் புடிச்சதே இல்லீங்க அம்மணி."

வரலட்சுமிக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மூடிய இரும்புக் கதவைப் பார்த்துக்கொண்டே முந்தானையால் முகத்தைப் பொத்தி அழுதார். ஆறு வருஷமாகத் தட்டு தூக்கிக்கொண்டு அலைந்த பெண்ணுக்கு, ஒரு கதவு திறக்காமல் போனதைப் போன்ற நல்ல செய்தி அதற்கு முன் வந்ததில்லை. நசுருதீன் உள்ளே போய் அவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சுந்தரராஜுலு கதவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணனுக்கு என்ன ஆகாது என்று தாஜுன்னிசா கேட்டார். "எங்க ஊட்டு உப்புங்க" என்றார் வரலட்சுமி.

சுந்தரராஜுலு வியாபாரி. இது கோட்டைமேட்டுக் கடை உப்புதானே, நம் வீட்டு உப்பு எப்படி ஆகும் என்று ஒரு வாதம் வைத்தார். அதை அடுப்பிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றார் தாஜுன்னிசா. உப்பு போட்ட மாவைக் கலந்து கதவுக்கு எதிரே நீட்டினார்கள். அசையவில்லை. உங்கள் வீட்டு விசேஷத்தில் வைத்தால் உங்கள் வீட்டு உப்புதான் என்று அடுப்பு தீர்ப்புச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்து உப்பில்லாமல் ஒரு மாவு. அதற்கும் அசையவில்லை. தாஜுன்னிசா யோசித்து யோசித்து, மாவுக்குப் போட்ட டின் வெண்ணெயில் ஒரு துளியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். அதில் கெடாமல் இருக்க உப்பு சேர்த்திருந்தார்கள். தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். சுந்தரராஜுலு தானே காரை ஓட்டிக்கொண்டு சிங்காநல்லூருக்குப் போய், வீட்டு எருமைத் தயிரைக் கடையச் சொல்லி, உருட்டிய வெண்ணெயை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வேட்டியெல்லாம் பிசுபிசுப்பு. மூன்றாவது மாவை எதிரே கொண்டுவந்ததும் கதவு முனகாமல் திறந்தது. பொழுது சாய்வதற்குள் ஐந்து கேக்கும் வெளியே வந்தன.

மறுநாள் கூடத்தில் கேக் மேசையைச் சுற்றி நாற்காலிகள் போட்டார்கள். முதல் நாற்காலியில் சுந்தரராஜுலு ஒரு துண்டை விரித்து வைத்தார். சேட்டு வந்தார், சொந்தபந்தம் வந்தது, தாஜுன்னிசாவும் நசுருதீனும் வந்தார்கள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஆசாரி ஊசியை எடுத்து வைத்தார். பாலகோபால் புது வேட்டியைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றார். வரலட்சுமி வாசலை விட்டு நகரவே இல்லை. வெள்ளைக்கார இன்ஜினியர் வந்து, காலியாக இருந்த முதல் நாற்காலியில் உட்காரப் போனார். அவர் ஒப்பினால்தான் புது இயந்திரங்கள் மாசக் கடைசிக்குள் ஓடும் என்பது மில்லுக்கே தெரியும். சுந்தரராஜுலு அவர் கையைப் பிடித்து, இது வீட்டு மனிதருக்கு வைத்த இடம், நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும் என்று இங்கிலீஷும் தமிழும் கலந்து சொன்னார். இன்ஜினியர் தள்ளி உட்கார்ந்தார். அப்படி ஒன்றும் உலகம் முழுகிவிடவில்லை.

அந்தப் பேச்சு வாசலில் நின்றவருக்குக் கேட்டது. தோளில் தேங்காய்க் குலையும் கையில் சீர்த் தட்டுமாக, வரலட்சுமிக்கு எதிரே ராமுலு நின்றிருந்தார். உடுமலையில் பஸ் ஏறும்போதுகூடத் தேங்காய் விலை விசாரிக்கத்தான் போகிறோம் என்று நினைத்ததாகவும், பல்லடம் தாண்டிய பிறகுதான் மடியில் காப்பும் கம்மலும் இருப்பது நினைவுக்கு வந்ததாகவும் பிற்காலத்தில் அவர் சொல்வார். சுந்தரராஜுலு போய்க் குலையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். துண்டு விரித்த நாற்காலியில் ராமுலு உட்கார்ந்தார். அவர் மடியில் கனகம். பாலகோபால் புது வேட்டி மிச்சம் என்று சந்தோஷப்பட்டார்.

வரலட்சுமி ஐந்தாவது கேக்கை வெட்டி அண்ணன் கையில் கொடுத்தார். "உப்புப் போடலீங்கண்ணா" என்றார். அவர் தலையாட்டினார். குழந்தைக்குக் கொஞ்சம் ஊட்டி வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கும்போதே ஆசாரி குத்திவிட்டார். முதல் காது, உடனே அடுத்த காது. கனகம் வீடு அதிர அழுதாள். மாமன் கையிலிருந்த கேக்குத் துண்டின் மேலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ராமுலு ஒரு கையால் அவளைத் தட்டிக்கொடுத்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல் மிச்சத் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். இரண்டு முறை மென்றார். மூன்றாவது முறை மெல்லவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். தாஜுன்னிசா தன் கணக்கு எங்கே பிசகியது என்று எழுந்தே நின்றுவிட்டார்.

ராமுலு விழுங்கினார். குழந்தையின் கன்னத்தை விரலால் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். "மாப்பள, இந்த ஊட்டு உப்பு எம் நாக்குல பட்டுப்போச்சுங்க" என்றார். "இனி என்னங்க, எலையப் போடச் சொல்லுங்க."

முதல் பந்தியில் முதல் இலை அவருக்கு. ஓரத்தில் உப்பு வைத்தது சுந்தரராஜுலு.

அடுத்த வருஷம் கனகத்தின் பிறந்த நாளுக்கு வரலட்சுமி முக்காலியில் உட்கார்ந்து விருந்தாளிகளைச் சொல்லும்போது அண்ணன் பேரையும் சொன்னார். என்ன ஆகாது என்று தாஜுன்னிசா கேட்டார். எல்லாம் ஆகும் என்றார். நாலு கேக்தான் உள்ளே போயின, நாலிலும் உப்பு இருந்தது. வெந்ததும் கதவு திறந்தது.