வாறன் எண்டவன்

வாறன் என்றுதானே சொன்னான், இந்தக் காதால் கேட்டது, இடையில் காற்று இரைந்தது உண்மை, முன்னால் என்ன சொன்னான் என்பதும் சரியாக விளங்கவில்லை, ஆனால் அந்த ஒரு சொல் கழுவிக் கவிழ்த்த பீங்கான் போலத் துலக்கமாகக் கேட்டது, அம்மா, வாறன், அவ்வளவுதான், பிறகு லைன் அறுந்துவிட்டது… அப்படியிருக்க இந்த மனிதர் ஏன் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பல் வராது, கப்பல் வராது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிற்கிறார், கடல் கொந்தளிப்பாம், துறைமுகத்துக்குள் எடுக்க ஏலாதாம், இங்கே நிற்காமல் நேரே திருகோணமலைக்குப் போகிறதாம், இவருக்கு என்ன தெரியும், ஒரு அலுவலகத்துப் பிள்ளை, யாரோ சொன்னதை வாங்கிச் சொல்லுகிறார், கப்பலுக்குள் நிற்பவன் ஜெரிசன் அல்லவா, அதன் குசினியில் சமைக்கிறவன், அவன் வாயாலேயே சொன்ன பிறகு வேறு யார் சொல்லி என்ன… அற்புதராணி காங்கேசன்துறைத் துறைமுகத்தின் வாசலுக்கு வெளியே, காவலரணின் நிழலில், கைபேசியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். சேலைத் தலைப்பைக் காற்று இழுத்து இழுத்துப் பார்த்தது. கொடியேற்றத்துக்கு மட்டும் உடுக்கிற நீலச்சேலை அது, இன்றைக்கு உடுத்தியிருக்கிறாள், எட்டு வருசத்துக்குப் பிறகு பிள்ளை வருகிற நாளில் உடுக்காமல் வேறு எந்த நாளைக்கு?

விடியக் குருநகரிலிருந்து வெளிக்கிட்டபோது கரை சூழ்ந்த களப்புக் கடல் எண்ணெய் ஊற்றிவிட்டதைப் போலக் கிடந்தது. ஒரு சுருக்கமில்லை. வள்ளங்கள் படம் வரைந்து வைத்தது மாதிரி நின்றன. கடவுளே, நல்ல நாள் தந்தாய் என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டுதான் எமில்ராஜின் ஓட்டோவில் ஏறினாள். எமில்ராஜ் அவளுடைய புருசன் தேவராசாவின் தங்கை மகன், வாய் கொஞ்சம் நீளம், மனம் நல்லது. "மாமி, எங்கடை களப்பைப் பாத்து உந்தப் பெருங்கடலுக்கு நாள் வைக்கேலாது, மார்கழி வாடைக் காத்து அங்காலை எப்பிடி அடிக்குதோ ஆருக்குத் தெரியும்" என்று சொன்னான், அவள் கேட்கவில்லை, கடற்கரையில் பிறந்து கடற்கரையில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இவன் கடல் படிப்பிக்கிறான் என்றுதான் நினைத்தாள். வரும் வழி முழுக்க அவன் திரும்பிப் போகும் கணக்கையே சொல்லிக்கொண்டு வந்தான், கப்பலில் வேலை செய்கிறவர்களை மத்தியானத்துக்கு மேல் கொஞ்ச நேரந்தான் வெளியே விடுவார்களாம், அதற்குள் குருநகருக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து விடவேண்டும், சுன்னாகத்தால் போனால் சனம், உரும்பிராய்ப் பக்கத்தால் விட்டடித்தால் சுகம், "அண்ணையை நான் பறந்து கொண்டுபோவன் மாமி, நீங்கள் பின்னாலை இருந்து செபமாலை மட்டும் சொல்லுங்கோ, பிரேக் கொஞ்சம் இளகல்" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். வீட்டுக்குக்கூடப் போகத் தேவையில்லை, கல்லறைக்கு மட்டும் போனால் போதும், தகப்பனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு ஒரு பரமண்டலச் செபம் சொல்லட்டும், அதுக்காகத்தானே கல்லறைக்கு முந்தநாள் வெள்ளை அடிப்பித்தாள், அதுக்காகத்தானே இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்…

தெல்லிப்பழை தாண்டியதும் காற்று ஓட்டோவைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கியது. துறைமுகத்துக்கு வந்து பார்த்தால் அது வேறு கடல், கறுத்து, வெள்ளை வெள்ளையாக நுரை கக்கிக்கொண்டு, கல்லணைக்கு மேலால் எழும்பி விழுகிற கடல், அதற்கும் அப்பால் வானமும் நீரும் கலக்கிற இடத்தில் ஒரு வெள்ளை மாடிவீடு போலக் கப்பல் நின்றது. அவ்வளவு பெரிதென்று அவள் நினைத்திருக்கவில்லை. அத்தனை யன்னல்களில் எது குசினி, குசினிக்கு யன்னல் வைப்பார்களா, வைத்தால் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, அவன் அதால் எட்டிப் பார்த்தால் நீலச்சேலை தெரியுமா… என்ன விசர்க் கதை, அவ்வளவு தூரத்துக்கு ஒரு மனுசி தெரியாள். தேவராசாவின் செத்தவீட்டை அவன் போனில் பார்த்தான். மகள் லவீனா போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், அண்ணை, தெரியுதோ, அண்ணை, தெரியுதோ என்று கேட்டுக்கொண்டு. பெட்டியை மூடுகிற நேரத்தில் படம் இறுகிப்போய்விட்டது. வெள்ளைத் தொப்பியும் பாதி திறந்த வாயுமாக அவன் முகம் அப்படியே நின்றது, சனம் முழுக்கத் தகப்பனைப் பார்த்தபோது அவள் அந்தக் கண்ணாடிக்குள் நின்ற மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், செத்தது யார் என்று ஒரு கணம் தடுமாறிப்போனாள், அந்தக் கணத்தை இதுவரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"மாமி, சனம் கலையுது, நாங்களும் வெளிக்கிடுவம்." எமில்ராஜ் பக்கத்தில் வந்து நின்றான். அவள் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. "என்ரை பிள்ளை வாறன் எண்டவன், இப்பதான் போனிலை சொன்னவன்" என்றாள். அவன் கடலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஓட்டோச் சாவியைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டான். உல்லாசப் பயணிகளுக்கென்று வரிசையாக நின்ற வான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பனங்கிழங்கும் பனம்பழப் பினாட்டும் அடுக்கி வைத்திருந்த பெண்கள் கடகங்களைக் கட்டினார்கள். வரவேற்புக்கு வாசிக்க அளவெட்டியிலிருந்து வந்திருந்த மேளக்காரர் தவிலுக்கு உறை போட்டுக்கொண்டு, "கப்பலுக்கு வாசிக்க வந்தம், காத்துக்கு வாசிச்சதுதான் மிச்சம்" என்று சொல்ல, எமில்ராஜ், "காத்துக்குப் பிடிச்சிட்டுது போலை அண்ணை, அதுதான் நிக்காமல் அடிக்குது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மேளக்காரர் தவிலைத் தோளில் போட்டு, கையைத் தூக்கி, "சரி தம்பி, அப்ப வாறன்" என்றார். சொல்லிவிட்டு நடந்தார். நாதஸ்வரக்காரரும், "வாறன் தம்பி" என்றார், அவரும் நடந்தார். பனங்கிழங்குக்காரி கடகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "வாறன் அக்கா" என்று இவளைப் பார்த்தே சொன்னாள், சொல்லிக்கொண்டே முதுகைக் காட்டிப் போனாள். வாறன், வாறன், வாறன்… எல்லோரும் வாறன் வாறன் என்று போய்க்கொண்டிருந்தார்கள், அற்புதராணியின் கையிலிருந்த போன் திடீரெனக் கனத்தது.

போறன் என்று சொல்லப்படாது. அதைச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். மூன்று வயதில், பாலர் பள்ளிக்குப் போகிறபோது, படலையடியில் நின்று அம்மா போறன் என்றான், வாயில் மெல்லத் தட்டி, போறன் எண்டு சொன்னால் போனதுதான் ராசா, வாறன் எண்டு சொல்லவேணும், எங்கை சொல்லு பாப்பம்… வாறன்… அதற்குப் பிறகு ஒருநாளும் அவன் பிழைவிட்டதில்லை. கப்பல் வேலைக்கென்று கடைசியாக வெளிக்கிட்ட அன்றும் பிழைவிடவில்லை, முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த தகப்பனுக்குப் பின்னால் போய் நின்று, அப்பா, வாறன் என்றான், தேவராசா ஊசியைக் கீழே வைக்கவில்லை, நிமிரவில்லை, ஓம் போட்டு வா, போய்விட்டு வா என்ற அந்தச் சின்னச் சொல்லைச் சொல்லவில்லை, தன்னோடு தொழிலுக்கு வராமல் ஊரான் கப்பலில் கோப்பை கழுவப் போகிறான் என்ற கோபம். பிள்ளை பையோடு நின்றான், நின்றான், அந்தச் சொல் கிடைத்தால் போகலாம் என்று நிற்கிற மாதிரி நின்றான், கடைசியில் குசினிக்குள்ளிருந்து அவள்தான் கத்தினாள், ஓம் ராசா, போட்டு வா என்று. அது கணக்கில் சேர்ந்ததா? தாய் சொன்னால் தகப்பன் சொன்னது ஆகுமா? இன்றைக்கு அவன் வாறன் என்றபோது அவள் என்ன சொன்னாள்? ஓம் ராசா, வா வா, நான் கேற்றடியிலைதான் நிக்கிறன் என்றாள்… விடைபெறுகிறவனுக்கு, வா வா என்றாள். அதைக் கேட்டு அவன் சிரித்தானா, அழுதானா, அல்லது அதற்கு முன்னமே லைன் அறுந்துவிட்டதா? அறுந்தது தானாகவா?

இப்போது முன்னால் சொன்னதும் மெல்ல மெல்ல எழும்பி வந்தது, காற்றுக்குள் புதைந்து கிடந்த சொற்கள், கப்பல்… விடமாட்டினமாம்… பறவாயில்லை அம்மா… ஓம், பறவாயில்லை என்றான், அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு விட்டான், அந்த மூச்சை அவளுக்குத் தெரியும், எங்கே கேட்டது, எங்கே… இண்டைக்கு வாத்தியார் வரேல்லையாம் என்று கேள்விப்பட்ட பிள்ளை விடுகிற மூச்சு அது. இல்லை, இல்லை, சும்மா காற்று, போனுக்குள் புகுந்த காற்று, தாய் இப்படி நினைக்கலாமா? ஆனால் போன லீவுக்கு அவன் கொழும்பில் நின்ற படத்தை லவீனா காட்டினாளே, காலிமுகத்திடலில், கூட்டாளிமாருடன், கையில் இறால் வடையோடு. அங்கேயே வெள்ளவத்தையில் பின்னேரம் பஸ் ஏறினால் விடியக் குருநகர். அவனுக்கு நேரம் கிடைச்சிருக்காது பிள்ளை என்று லவீனாவுக்கு அவளே பதில் சொன்னாள், லவீனா கேட்காத கேள்விக்கு. எட்டு வருசத்தில் எத்தனை லீவு, பலாலியில் பிளேன்கூட வந்து இறங்குகிறது… இந்தமுறை வருகிறேன் என்று அவன் சொல்லவேயில்லையே, எங்கடை கப்பல் காங்கேசன்துறைக்கு வருதாம் அம்மா என்றான், பாப்பம், விட்டால் இறங்குவன் என்றான். கப்பல்தான் வந்தது. அவன் அதற்குள் இருந்தான். இத்தனை வருசத்தில் அவன் ஒன்றும் முடிவெடுக்காமலே அவனைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் நிறுத்தியது அந்த இரும்புதான்.

வெள்ளை மாடிவீடு மெல்லத் திரும்பியது. அகலமாகத் தெரிந்தது ஒடுங்கியது, பிறகு இன்னும் ஒடுங்கி, ஒரு மெழுகுதிரி மாதிரி நிமிர்ந்து நின்றது, பிறகு அதுவும் மங்கியது. கல்லணையில் தண்ணீர் ஏறி உடைந்து கொட்டியது. அவளுக்கு அழுகை வரவில்லை. "மாமி, யோசியாதையுங்கோ" என்று எமில்ராஜ் அவளுடைய கையைப் பிடித்தான், "வாற மாதமும் உதே கப்பல் வருதாம், அந்த ஒலிபெருக்கிப் பிள்ளை இப்ப சொன்னவர், அதுக்கிடையிலை வாடை அடங்கீடும், அண்ணை கட்டாயம் இறங்குவார், பாருங்கோவன்." வாடை அடங்கிவிடும். தேவராசா கடலில் நின்ற எத்தனை இரவுகளில், கூரை படபடக்கப் படபடக்க, மாதாவே காத்தை அடக்கு, காத்தை அடக்கு என்று முழங்காலில் நின்றிருக்கிறாள், வேறு என்ன கேட்டிருக்கிறாள் வாழ்க்கையில்? அடங்கினால்… கடல் எண்ணெய் ஊற்றியதாய்க் கிடந்தால், கப்பல் வந்து கல்லோடு அணைந்தால், படி இறக்கினால், சனமெல்லாம் இறங்கி வான்களில் ஏறிப் போன பிறகும் அந்தப் படியில் ஒருவரும் இல்லாவிட்டால், அன்றைக்கு எதைச் சொல்வாள், லவீனாவுக்கு என்ன சொல்வாள், கல்லறையில் கிடக்கிறவருக்கு என்ன சொல்வாள்?

"உது அடங்காது எமில்" என்றாள், ஓட்டோவை நோக்கி நடந்துகொண்டே, "தை முடிஞ்சாலும் அடங்காது, மாசியிலையும் நிண்டு அடிக்கும்." சொல்லிவிட்டுத்தான் கவனித்தாள், அது கவலைப்படுகிற ஒருத்தியின் குரலாக இல்லை.